வடசென்னையை ஒட்டிய கிராமங்கள், வரலாறும் பிழைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணூர், மணலி, மீஞ்சூர்ப் பக்கத்து ஊர்களைப் பற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் மனை பார்க்க வருகிறவர்கள் வரை கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஏடுகளில் பதிவானதும் ஊரில் கண்டதும் கலந்தே வரும். என் கருத்தும் அங்கங்கே தலைகாட்டும்.

எந்தெந்த ஊர்களைப் பற்றிய பேச்சு இது?

தெற்கே திருவொற்றியூரும் மாதவரமும். வடக்கே பொன்னேரி, பழவேற்காடு. மேற்கே செங்குன்றம், சோழவரம். கிழக்கே கடல். இந்தச் சதுரத்துக்குள் கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் பக்கிங்காம் கால்வாயும் ஓடுகின்றன. நடுவில் மணலி, சடையங்குப்பம், இடையஞ்சாவடி, அத்திப்பட்டு, வல்லூர், நந்தியம்பாக்கம், மீஞ்சூர், காட்டுப்பள்ளி என்று வரிசையாக ஊர்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். உள்ளே மூன்று வகை இருக்கிறது. ஏரிப் பாசனத்தை நம்பிய கழனி ஊர்கள், கழிமுகத்தையும் உப்பளத்தையும் நம்பிய ஊர்கள், கடலை நம்பிய குப்பங்கள். பிழைப்பு வேறு என்பதால் வளர்ச்சி வந்த விதமும் வேறு.

இவை சென்னைக்குப் பிறகு உண்டான ஊர்களா?

இல்லை, நேர்மாறு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மணல்மேட்டில் இடம் வாங்கியது 1639-ல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே திருவொற்றியூர் தேவாரம் பாடப்பட்ட தலம். அங்குள்ள கோயில் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல் கட்டடமாக எழுந்தது. சுந்தரர் மணந்த சங்கிலி நாச்சியார் பிறந்த ஊர் என்று பெரியபுராணம் சொல்லும் ஞாயிறு, செங்குன்றத்துக்கு வடக்கே இன்றும் கழனி சூழ்ந்த கிராமமாகத்தான் இருக்கிறது. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில், அதாவது அந்தக் கால நிலப்பிரிவுகளில், புழல் ஒன்று. மீஞ்சூரில் ஏகாம்பரேசுவரரும் வரதராஜரும் இருப்பதால் அதை வட காஞ்சி என்று சொல்வார்கள்.

கல்வெட்டில் பொருளாதாரமும் இருக்கிறது. கோயில் விளக்கு அணையாமல் எரிய ஒருவர் 90 ஆடு கொடுப்பார். இடையர் அதை வளர்த்து, தினமும் அளவாக நெய் கொண்டுவந்து கொட்டுவார். ஆடு பெருகினால் அந்த லாபம் இடையருக்கு. இன்றைய வங்கி வைப்புநிதிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பிறகு பட்டணத்தோடு எப்படிச் சேர்ந்தன?

துண்டு துண்டாக. 1693-ல் தண்டையார்பேட்டை கம்பெனிக்குப் போயிற்று. 1708-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி ஆகியவை நுங்கம்பாக்கத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டன. 1742-ல் எர்ணாவூரும் சடையங்குப்பமும் வேப்பேரி, பெரம்பூருடன் கைமாறின. ஊரில் இருந்தவர்களைக் கேட்டு யாரும் கொடுக்கவில்லை. நவாப் எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

1763-ல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையையே கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வருமானத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையோடு, விட்டுக்கொடுத்தார். பொன்னேரியும் அதில் அடக்கம். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அந்தச் சீமையை ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நன்செய், களத்தில் அளக்கும் நெல்லில் கோயிலுக்கு எவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவு, தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியானுக்கு எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்துக் கிராமம் பணத்தில் ஓடாமல் நெல்லில் ஓடிய காலத்தை அறிய இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

அந்தக் காலத்தில் இந்த ஊர்களுக்குப் பட்டணத்தால் என்ன வருமானம்?

பட்டணத்துக்கு வேண்டியதை அனுப்புவதுதான் வருமானம். இது இன்று வரை மாறவில்லை, அனுப்புகிற பொருள்தான் மாறியிருக்கிறது. கல், விறகு, உப்பு, மீன், கீரை, பால், தண்ணீர், மின்சாரம், நிலம் என்று அந்தப் பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விலை வைத்தது வாங்கியவன். விற்றவன் வைத்த விலை அபூர்வம்.

1806-ல் பட்டணத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார்கள். பிறகு அது பழவேற்காட்டு ஏரி தாண்டி ஆந்திரா வரை நீண்டது. 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னைக்குள் இருந்த இடைவெளியை வெட்டிச் சேர்த்தார்கள், அப்போதைய ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகும், கரையோரச் சவுக்கும், எண்ணூர், அத்திப்பட்டு உப்பும் இந்தக் கால்வாயில் படகேறித்தான் பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்து இறங்கின. காற்று வாக்காக இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள்.

உப்பள வேலை வெயில் காலத்து வேலை. பாத்தியில் கட்டிய உப்பு நீர் வற்றி வெள்ளை பூத்ததும் நீளமான பலகையால் வாரி வரப்போரம் குவிப்பார்கள். காலில் புண் இருந்தால் அன்று பாத்தியில் இறங்க முடியாது. ஒரு மழை பெய்தால் குவித்ததும் போச்சு, கூலியும் போச்சு. உப்பு எடுத்த நிலத்தில் பெரும்பகுதி அரசு நிலம், அதில் உழைத்தவர்களுக்குப் பட்டா கிடையாது. பின்னால் துறைமுகமும் அனல்மின் நிலையமும் வந்தபோது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தது.

இந்தியாவின் முதல் ரயில் செங்குன்றத்தில் ஓடியதாமே, உண்மையா?

உண்மைதான். ஆனால் ஆள் ஏறும் ரயில் இல்லை. சாலை போடச் செங்குன்றத்துச் செம்பாறாங்கல்லைச் சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டுவர 1837-ல் ஒரு தண்டவாளம் ஓடியது. ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அதன் பின்னால் இருந்தார். நீராவி எஞ்சினையும் முயன்று பார்த்தார்கள், பெரும்பாலும் மாடும் ஆளும்தான் இழுத்தது. பயணிகள் ரயில் பம்பாயில் 1853-ல், ராயபுரத்தில் 1856-ல். பள்ளி வினாடிவினாவில் 1853 என்றே எழுதுங்கள், மதிப்பெண் முக்கியம்.

பழவேற்காடு ஒரு காலத்தில் சென்னையைவிடப் பெரிய ஊரா?

சென்னை பிறப்பதற்கு முன்பே அது பெரிய துறைமுகம். டச்சுக்காரர்கள் 1610-ல் அங்கே கிடங்கு வைத்து, 1613-ல் ஹெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். சுற்றுப்புறத்து நெசவாளர்களின் துணி அங்கிருந்து கப்பலேறித் தென்கிழக்காசியாவில் மசாலாப் பொருளுக்கு மாற்றாக விற்றது. துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்கள். கல்லறைத் தோட்டத்தின் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் படம் எடுக்கப் போகிறவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. வணிகம் சென்னைப் பக்கம் சாய்ந்தது. பழவேற்காட்டுக்கு மிஞ்சியது ஏரியும் மீனும். சில்காவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி அது. எந்தக் குப்பத்துக்காரர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைக்கும் ‘பாடு’ வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. பனையோலையில் பெண்கள் முடையும் பெட்டிகள் வெளியூருக்கும் போகின்றன.

நிலம் யார் கையில் இருந்தது?

வளர்ச்சியைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் அடியில் கிடப்பது இதுதான். கழனி ஊர்களில் மிராசு பாத்தியதை, அதாவது பரம்பரை நில உரிமை, சில சாதிக் குடும்பங்களிடம் இருந்தது. உழுதவர்களில் பெரும்பாலோர் பறையர், அவர்கள் பெயரில் ஒரு சென்ட் கூட இல்லை. குடியிருந்த சேரி மனையே மிராசுதார் நிலம் என்பதால், எதிர்த்துப் பேசினால் குடிசையையும் இழக்க வேண்டியதுதான்.

1891-ல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் இதைப் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டு வந்த ஆணையின்படி ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் தொடக்கம் நம் பழைய மாவட்டம்தான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே பிரிவினருக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறியது.

தொழிற்சாலைகள் ஏன் வடக்கே வந்து குவிந்தன?

துறைமுகம் பக்கம், ரயில் பாதை பக்கம், நிலம் மலிவு, குளிர்விக்கக் கடல் நீர், கழிவை விடக் கழிமுகம். வேறென்ன வேண்டும்?

முதலில் திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை. விடுதலைக்குப் பிறகு எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அது 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அதே பத்தாண்டில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட். பிறகு மணலியின் முறை: 1965-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் ரிஃபைனரீஸ் 1969-ல் எண்ணெய் சுத்திகரிக்க ஆரம்பித்தது, 1971-ல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் உரம் தயாரித்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970. வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களில். எண்ணூர்த் துறைமுகம் 2001. வல்லூர் அனல்மின் நிலையமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அதற்கடுத்த பத்தாண்டில்.

உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைத்ததா?

கிடைத்தது. எல்லாருக்கும் இல்லை, எல்லாக் காலத்திலும் இல்லை.

1950 முதல் 70 வரை வந்த ஆலைகளில் நிரந்தர வேலை கிடைத்த குடும்பங்களைத் திருவொற்றியூர், கத்திவாக்கம் தெருக்களில் இன்றும் அடையாளம் காணலாம். மாடி வைத்த வீடு, ஐ.டி.ஐ. அல்லது பொறியியல் படித்த பிள்ளைகள், ஓய்வுக்குப் பின்னும் சங்கக் கூட்டத்துக்குப் போகும் அப்பா. போனஸ், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் இருந்த வேலை அது. ஒரு சம்பளத்தில் இரண்டு தலைமுறை மேலேறியது.

பின்னால் வந்த துறைமுகங்களிலும் மின் நிலையங்களிலும் ஆள் குறைவு, இயந்திரம் அதிகம். கேட்டுக்கு உள்ளே நிரந்தரம் கொஞ்சம், கான்ட்ராக்ட் நிறைய. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்ற பேச்சு, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் வேலையாக முடிந்த இடங்கள் உண்டு. உப்பளமும் கழிமுகமும் புறம்போக்காக இருந்ததால், அங்கே பிழைத்தவர்களில் பலர் நிலம் கொடுத்தவர்கள் பட்டியலிலேயே வரவில்லை.

கேட்டுக்கு வெளியே நல்ல வருமானம் பார்த்தவர்கள் வேறு. லாரி வாங்கியவர்கள், மெஸ் வைத்தவர்கள், லைன் வீடு கட்டி ஒடிசா, பீகார்த் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டவர்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து மளிகைக் கடை போட்டவர்களையும் மறக்கக் கூடாது. மணலி புதுநகர் அய்யா வைகுண்டர் தர்மபதித் திருவிழாவுக்குப் போனால் அந்தக் குடிபெயர்வின் அளவு தெரியும்.

செங்குன்றத்துக்கு அரிசி எப்படி வந்தது?

சாலையால் வந்தது. கொல்கத்தா நெடுஞ்சாலையும் திருவள்ளூர்ச் சாலையும் சேரும் இடம். சுற்றிலும் ஏரிப் பாசன நெல், வடக்கே நெல்லூர் நெல், தெற்கே சாப்பிடுகிற பட்டணம். நடுவில் மண்டியும் ஆலையும் வந்து உட்கார்ந்தன. ஆலைக்குப் பின்னால் களத்தில் அவித்த நெல்லைப் பரப்பிக் காலாலேயே வரிவரியாகக் கிளறிவிடுவார்கள், புழுங்கல் வாசனை சாலை வரை வரும். இப்போது உலர்த்தும் இயந்திரங்கள் வந்துவிட்டதால் களத்து ஆட்கள் குறைந்துவிட்டார்கள். இந்த வட்டாரத்தில் வாங்குகிறவனுக்கு முன்னால் தானும் ஒரு விலை சொல்ல முடிந்த ஊர் என்று பார்த்தால் செங்குன்றத்தைத்தான் சொல்வேன்.

தண்ணீர் விஷயம் என்ன?

கொசஸ்தலைத் தண்ணீரைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம், புழல் ஏரிகளில் தேக்கி, வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் 1872-ல் நடைமுறைக்கு வந்தது. பாசன ஏரி குடிநீர் ஏரி ஆனது அப்போதுதான். 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது.

1960-களின் இறுதியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் ஆழ்கிணறு போட்டுப் பட்டணத்துக்கும் ஆலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். விவசாயத்துக்கும் மோட்டார் ஓடியது. நல்ல நீர் இறங்க இறங்க, கடல் நீர் நிலத்தடியில் உள்ளே நுழைந்து, மீஞ்சூரைத் தாண்டிப் பல கிலோமீட்டர் போய்விட்டது. கிணறு உவர்த்ததும் முதலில் போனது வெற்றிலையும் காய்கறியும், அப்புறம் நெல்.

2000-களின் தொடக்கத்தில் வறட்சி வந்தபோது குடிநீர் வாரியம் இந்தப் பக்கத்து விவசாயிகளின் கிணற்று நீரை விலைக்கு வாங்கியது. பயிர் வைப்பதைவிட மோட்டார் போட்டு உட்காருவது லாபம். கிணறு உள்ளவருக்குச் சரி. நாற்று நடவும் களை எடுக்கவும் போன பெண்களுக்கு? அவர்களுடைய கூலியை அந்தக் கணக்கில் யாரும் எழுதவில்லை. 2010-ல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தது. கடல் நீர் நிலத்தடியில் புகுந்த ஊருக்குப் பக்கத்திலேயே, அதே கடலிலிருந்து பட்டணத்துக்குக் குடிநீர்.

மீன்பிடித் தொழில் இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது, இளைத்துப்போய். எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றில் இருக்க வேண்டுமே. வலையும் படகும் வாங்க வழியில்லாதவர்களுக்கு முதலீடே வேண்டாத தொழில் அது. சேற்றோடு அனல்மின் நிலையச் சாம்பல் கலந்தபின் கையில் இறாலைவிடச் சாம்பல்தான் அதிகம் அகப்படுகிறது என்கிறார்கள். வெந்நீர் விடும் இடத்தில் மீன் தங்குவதில்லை.

2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது, வாளியால்தான் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்தது. அதே மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் மூச்சு முட்டத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். இந்தச் சேதங்களையும் ‘வளர்ச்சி’க் கணக்கில் செலவுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

மாநகராட்சியோடு சேர்ந்ததால் லாபமா நஷ்டமா?

2011-ல் 42 உள்ளாட்சிகள் சென்னையோடு சேர்ந்தன. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம், புழல் எல்லாம் அதில் வந்தன, கூடவே சடையங்குப்பம், இடையஞ்சாவடி போன்ற கிராமங்களும். தார்ச்சாலையும் தெருவிளக்கும் கொஞ்சம் மேம்பட்டன. 2021-ல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது.

ஆனால் மாநகராட்சி எல்லைக்குள் நூறு நாள் வேலை கிடையாது. முந்தின நாள் வரை ஏரிக்கரையில் வேலை பார்த்த பாட்டிக்கு, ஒரு அரசாணையில் ஊர் நகரமாகிவிட்டது, கூலி நின்றது. ஊராட்சித் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினால் நடந்த காரியத்துக்கு இப்போது மண்டல அலுவலகத்துக்கு ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

மீஞ்சூர் வளர்ந்தது, பக்கத்திலேயே உள்ள செப்பாக்கம் ஏன் வளரவில்லை?

மீஞ்சூருக்கு ரயில் நிலையம் இருக்கிறது. காலை மின்சார ரயிலில் கூடையோடு ஏறினால் விற்றுவிட்டு மதியம் திரும்பலாம், பிள்ளைகள் கல்லூரிக்குப் போகலாம். பஜார் பழையது. கையில் பட்டா உள்ளவர்கள் கணிசம், அதனால் நிலம் விலை ஏறியபோது அந்தப் பணம் ஊருக்குள் சுற்றியது. வண்டலூரிலிருந்து வரும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை முடிவதும் மீஞ்சூரில்தான்.

செப்பாக்கத்தைச் சுற்றிச் சாம்பல் குளம். காற்று அடித்தால் சோற்றில் சாம்பல். அங்கே நிலத்தை யார் வாங்குவார்? ஊரையே வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மின்சாரம் தயாராவது இரண்டு ஊருக்கும் பக்கத்தில்தான்.

இந்தப் பக்கம் மனை வாங்கலாமா?

வாங்கலாம், மழைக்காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு. பங்குனி வெயிலில் எல்லா மனையும் மேடுதான். 2015, 2023 வெள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று புரோக்கரிடம் கேட்காமல் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். வில்லங்கச் சான்றை மட்டும் நம்பாமல், கிராம நிலங்களைப் பட்டியலிடும் பழைய ஏ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் ஏரி, வாய்க்கால், மேய்க்கால், பஞ்சமி என்று எதிலாவது வருகிறதா பாருங்கள். போர்த் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். 2022-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189-லிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டதால், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) எல்லைக்குள் என்று விளம்பரத்தில் போடுவது பெரிய தகுதி ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் வரலாற்றை எங்கே தேடுவது?

பழைய கோயில் இருந்தால் சுவரில் தொடங்குங்கள். தொல்லியல் துறை வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளில் ஊர்ப் பெயர் அட்டவணை இருக்கும். நில விவரத்துக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேடுகள், கம்பெனி காலத்துக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். 1997-க்கு முந்தையது எல்லாம் செங்கல்பட்டு மாவட்டத் தலைப்பில் இருக்கும், திருவள்ளூர் என்று தேடினால் அகப்படாது. ஊர்த் தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. தலைமை ஆசிரியர் அனுமதித்தால் பத்தாண்டுக்கு ஒரு பக்கம் புரட்டிப் பாருங்கள்: விவசாயக் கூலி, உப்பளம், மீன்பிடி, கம்பெனி, டிரைவர், கான்ட்ராக்ட்.